திருகோணமலையின் வளர்ச்சித் திட்டமும் மின்வலையமைப்பும்: இரண்டையும் ஒன்றாகத் திட்டமிடும் முறை

நகரம் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்பதை நகர அபிவிருத்தி அதிகார சபை ஒரு வரைபடத்தில் குறிக்கிறது. அந்த வளர்ச்சிக்கான மின்சாரம் எந்த வழியாக வரும் என்பதை மின்விநியோகப் பொறியியலாளர்கள் வேறொரு வரைபடத்தில் குறிக்கிறார்கள். இந்த இரு வரைபடங்களும் ஒரே மேசையில் ஒருமுறையாவது விரிக்கப்படாவிட்டால், அதன் விலையை வீடு கட்டியவரும் கடை திறந்தவரும் விடுதி நடத்துபவரும் பல ஆண்டுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். திருகோணமலையைப் போல, நிலம் ஒடுங்கியும் எதிர்பார்ப்புப் பெரிதாகவும் இருக்கும் ஊரில் இந்த விலை இன்னும் கூடுதலானது.

இக்கட்டுரை உள்ளூராட்சி சபை உறுப்பினர்கள், திட்டமிடல் அலுவலர்கள், பிரதேச மின் அலுவலகங்களில் பணிபுரிவோர், காணிகளைப் பிரித்து விற்போர், தம் ஊரின் எதிர்காலத்தில் அக்கறை கொண்ட குடிமக்கள் ஆகியோருக்காக எழுதப்படுகிறது. பெரிய சட்டமாற்றமோ புதிய நிறுவனமோ இல்லாமல், இப்போது இருக்கும் அதிகாரங்களைக் கொண்டே செய்யக்கூடியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சிக்கலின் வேர் கால வேறுபாட்டில் இருக்கிறது. நாற்பது அறைகள் கொண்ட ஒரு விடுதியை இரண்டு மூன்று ஆண்டுகளில் கட்டி முடிக்கலாம். அதற்கு முன்னால் ஒரு மின்மாற்றியைப் பொருத்தச் சில மாதங்கள் போதும்; ஆனால் அந்த மின்மாற்றிக்கு மின்சாரம் கொண்டுவரும் 33 கே.வி. (கிலோவோல்ற்று) மார்க்கம், அதாவது நடுத்தர மின்னழுத்தக் கம்பிவழி, நிரம்பியிருந்தால் புதிய மார்க்கத்துக்கு ஓரிரு ஆண்டுகள் வேண்டும். உயரழுத்த மின்சாரத்தைக் குறைத்து அந்த மார்க்கத்துக்கு வழங்கும் கிரிட் உபமின்நிலையமே நிரம்பியிருந்தால், நிதி தேடுவது முதல் காணி எடுப்பது, கேள்விப்பத்திரம் கோருவது, கட்டி முடிப்பது வரை அரைப் பத்தாண்டு கழிந்துவிடும். ஆகவே கட்டட அனுமதி விண்ணப்பம் வந்த பிறகு மின்சாரத்தைப் பற்றி யோசிப்பதென்பது, பெரும்பாலான வேளைகளில், காலம் கடந்த பிறகு யோசிப்பதுதான்.

ஊரின் அமைப்பை முதலில் படியுங்கள்

திருகோணமலை நகரத்தின் பழைய பகுதி ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் உட்துறைமுகமும் நெருக்கும் ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருக்கிறது. பிரெட்ரிக் கோட்டை, திருக்கோணேசுவரம், உவர்மலை, டொக்யார்ட் வீதி ஆகியவற்றை உள்ளடக்கிய இந்தப் பகுதிக்கு நாற்புறமிருந்தும் மின்மார்க்கங்களைக் கொண்டுவர முடியாது. நிலப்பக்கத்திலிருந்து வரும் சில வீதிகளே வழி. அந்த வீதிகளின் ஓரங்களில் குடிநீர்க் குழாய், தொலைத்தொடர்பு வடம், வடிகால், நடைபாதை வியாபாரம் எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. எனவே நகர மையத்தில் உயரமான கட்டடங்களுக்கு இடமளிக்கும் எந்த வலய விதியும் உண்மையில் இந்த ஒடுங்கிய வழிகளில் இன்னொரு மின்வடத்துக்கு இடமிருக்கிறதா என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே எழுதப்பட வேண்டும்.

நகரின் வடக்கே நிலைமை வேறு. அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று புல்மோட்டை வீதியை ஒட்டி நீளும் கரையோரப் பட்டியில் வளர்ச்சி ஒரு நூலைப் போல நீள்கிறது. நீளமான, ஒரே பக்கத்திலிருந்து ஊட்டப்படும் மார்க்கத்தின் கடைசி முனையில் மின்னழுத்தம் குறையும். நடுவில் ஒரு மரம் விழுந்தாலும் அதற்கு அப்பால் உள்ள அனைவரும் இருளில் இருப்பார்கள். மேற்கிலும் தெற்கிலும் சீனக்குடா, கப்பல்துறை, கொட்பே ஆகிய இடங்கள் கனரகத் தேவைகளைக் கொண்டவை: மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள், மீன்பிடித் துறைமுகம், அதனோடு வரும் ஐஸ் உற்பத்தியும் குளிரூட்டிக் களஞ்சியங்களும். இங்கே ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவு ஒரு முழுக் கிராமத்தின் தேவையை விடப் பெரிதாக இருக்கலாம்.

பரவலாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். சம்பூரில் திட்டமிடப்பட்ட 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற்று சூரிய மின்திட்டத்தின் தொடக்க நிகழ்வு 2025 ஏப்ரலில் நடைபெற்றது. இவற்றைக் காட்டி, "மாவட்டத்துக்குள்ளேயே மின்சாரம் பிறக்கப் போகிறது, இனி நமக்குத் தட்டுப்பாடு இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. சம்பூரின் மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் ஏறித் தேசிய வலையமைப்போடு கலக்கிறது. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே ஒரு மின்நிலையம் எழுவதால் மட்டும் நிலாவெளியில் ஒரு வீட்டின் மின்விளக்கு பிரகாசமாக எரியாது. அந்த வீட்டின் தெருவிலுள்ள மின்மாற்றியும் அதற்கு முன்னாலுள்ள 33 கே.வி. மார்க்கமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. உற்பத்தித் திட்டத்தையும் விநியோகத் திட்டத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் கோரிக்கை தவறான அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்.

எந்த அலுவலகத்தில் எந்த ஆவணம்

நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரிக்கிறது. நிலப்பயன்பாட்டு வலயங்கள், வீதி எல்லைகள், கட்டட எல்லைகள், உயர வரம்புகள் அதில் இருக்கும். கட்டட அனுமதியும் காணி உட்பிரிவு அனுமதியும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபையின் திட்டமிடல் குழு வழியாகக் கிடைக்கின்றன. மின்சாரப் பக்கத்தில் மூன்று ஆவணங்களை அறிந்துகொள்ள வேண்டும்: நீண்டகால உற்பத்தி விரிவாக்கத் திட்டம், நீண்டகாலச் செலுத்துகை (உயரழுத்தக் கம்பிகளில் மின்சாரத்தைக் கொண்டுசெல்லல்) அபிவிருத்தித் திட்டம், மாகாண அடிப்படையில் தயாரிக்கப்படும் நடுத்தர மின்னழுத்த விநியோக அபிவிருத்தித் திட்டம். நகரத் திட்டமிடுபவருக்கு மூன்றாவதுதான் அன்றாடத் துணை. இரண்டாவதை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

1969இல் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபையின் பணிகளை உற்பத்தி, செலுத்துகை, விநியோகம் எனத் தனி நிறுவனங்களாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் வழி செய்தன. இப்படியான மாற்றக் காலத்தில் பதவிப் பெயர்களும் முகவரிகளும் மாறும். ஆகவே கடிதங்களைத் தனி அலுவலரின் பெயருக்கு எழுதாமல், "திருகோணமலைப் பிரதேசத்தின் விநியோகத் திட்டமிடலுக்குப் பொறுப்பான பொறியியலாளர்" என்று பணியைக் குறித்து எழுதுவதும், அதன் பிரதியை மாவட்டச் செயலகத்துக்கு அனுப்புவதும் பாதுகாப்பானது. முதலீடுகளின் செலவு கட்டணத்தில் எவ்வளவு பிரதிபலிக்கலாம் என்பதை மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஆராய்கிறது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஏனெனில் நியாயமான காரணத்தோடு எழுத்தில் முன்வைக்கப்பட்ட தேவையே அந்த ஆராய்ச்சியில் நிற்கும்.

தகவல் தர அலுவலகங்கள் தயங்கினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது. இரு அலுவலகங்களுக்கிடையே நல்லுறவு இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும் தகவலுக்குச் சட்டத்தை இழுக்கத் தேவையில்லை.

தேவையைக் காணியிலிருந்து கணக்கிடுங்கள்

மின்தேவையை முன்கணிக்கும் வழக்கமான முறை, கடந்த ஆண்டுகளின் வளர்ச்சி வீதத்தை எதிர்காலத்துக்கு நீட்டுவது. ஆண்டுக்கு 7 வீதம் என்று வளர்ந்தால் பத்து ஆண்டுகளில் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது சரியான கணக்குத்தான். ஆனால் எந்தத் தெருவில் இரட்டிப்பாகும் என்பதை அது சொல்லாது. அந்தப் பதில் நகரத் திட்டத்தில், இன்னும் சரியாகச் சொன்னால் காணி வரைபடத்தில், இருக்கிறது. ஆகவே மேலிருந்து வரும் வளர்ச்சி வீதத்தையும் கீழிருந்து வரும் காணிக் கணக்கையும் தனித்தனியே செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே என் பரிந்துரை.

இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். கரையோரப் பட்டியின் ஒரு பகுதியில் வலய விதிகளின்படி பத்து விடுதிகளுக்கு இடமிருக்கிறது என்றும், ஒவ்வொன்றிலும் நாற்பது அறைகள் என்றும் வைத்துக்கொள்வோம். குளிரூட்டி, சமையலறை, நீரேற்றும் பம்பி எல்லாவற்றையும் சேர்த்து அறைக்கு 3 கே.வி.ஏ. (கிலோவோல்ற்று-அம்பியர், மின்தேவையை அளக்கும் அலகு) என்று எடுத்தால் நானூறு அறைகளுக்கு 1200 கே.வி.ஏ. வரும். எல்லா விடுதிகளும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடாது என்பதால் 0.7 என்ற ஒருமைக் காரணியால் பெருக்கினால் 840 கே.வி.ஏ. கிடைக்கும். இது அந்தப் பகுதி முழுமையாக நிரம்பிய பிறகு வரக்கூடிய தேவை.

ஆனால் பத்தும் உடனே எழப்போவதில்லை. ஆகவே ஒவ்வொரு திட்டத்துக்கும் அது நிற்கும் படிக்கேற்ற எடை கொடுக்க வேண்டும். மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டவற்றை முழுமையாக எண்ணலாம். அத்திவாரம் போட்டு வேலை நடப்பவற்றுக்கு 80 வீதம். அனுமதி மட்டும் பெற்றவற்றுக்கு 50 வீதம். வலய விதியில் மட்டும் உள்ளவற்றுக்கு 20 வீதம். இந்த எடைகள் தொடக்கத்துக்கானவை. உங்கள் சபையில் கடந்த ஆண்டுகளில் வழங்கப்பட்ட அனுமதிகளில் எத்தனை உண்மையில் கட்டடமாகின என்பதைப் பார்த்து அவற்றைத் திருத்துங்கள். நம் எடுத்துக்காட்டில் இரண்டு விடுதிகள் இணைப்புக்கு விண்ணப்பித்திருக்கின்றன, இரண்டில் வேலை நடக்கிறது, மீதி ஆறும் வரைபடத்தில் மட்டும் இருக்கின்றன என்றால், எடையிட்ட எண்ணிக்கை 4.8 விடுதிகள், தேவை ஏறத்தாழ 400 கே.வி.ஏ.

இப்போது கையில் 840, 400 என்ற இரண்டு எண்கள் இருக்கின்றன. எதை வைத்து முதலீடு செய்வது? இரண்டையும் பயன்படுத்த வேண்டும் என்பதே விடை. பின்னர் மாற்றுவதற்குக் கடினமானவற்றை, அதாவது நிலம், நிலத்தடிக் குழாய், கம்பங்களின் இடம், கம்பியின் தடிப்பு ஆகியவற்றை, 840க்கு ஏற்பத் தீர்மானியுங்கள். எளிதில் மாற்றக்கூடியவற்றை, முக்கியமாக மின்மாற்றிகளை, 400க்கு ஏற்பப் பொருத்துங்கள். சிறிய மின்மாற்றியைக் கழற்றிப் பெரிதை வைப்பது ஒருநாள் வேலை; கழற்றியது வேறோர் ஊருக்குப் பயன்படும். ஆனால் மதில் கட்டிய பிறகு மதிலுக்குள் போய்விட்ட நிலத்தை மீட்பது ஆண்டுக்கணக்கான வழக்கு. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே வீண் முதலீடும் குறையும், பற்றாக்குறையும் குறையும்.

எந்த மின்னழுத்தத்தில் ஒரு பகுதிக்கு வழங்குவது என்பதிலும் நகரத் திட்டமிடுபவருக்கு ஓர் அடிப்படை அறிவு வேண்டும். 300 அம்பியர் சுமக்கும் ஒரு மார்க்கம் 33 கே.வி. அழுத்தத்தில் ஏறத்தாழ 17 எம்.வி.ஏ. (ஓர் எம்.வி.ஏ. என்பது 1000 கே.வி.ஏ.) கொண்டுசெல்லும், அதே மின்னோட்டம் 11 கே.வி. அழுத்தத்தில் 6 எம்.வி.ஏ.க்கும் குறைவாகவே கொண்டுசெல்லும். ஒடுங்கிய வீதிகளில் ஒரே ஒரு மார்க்கத்துக்குத்தான் இடமிருக்கிறது என்றால் இந்த மும்மடங்கு வேறுபாடு முக்கியமாகிறது. அதேவேளை உயர்ந்த அழுத்தத்துக்குக் கட்டடங்களிலிருந்து கூடுதல் இடைவெளி வேண்டும் என்பதால், பழைய நகரத்தின் நெருக்கமான தெருக்களில் அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

வீடுகள் பெருகும் பகுதிகளில் கவனிக்க வேண்டியது தாழ்வழுத்தக் கம்பியின் நீளம். பாலையூற்று, கன்னியா, ஆண்டாங்குளம் போன்ற புறப்பகுதிகளில் காணிகள் துண்டுதுண்டாகப் பிரியும்போது, பழைய மின்மாற்றியிலிருந்தே கம்பி மேலும் மேலும் நீட்டப்படுவது இயல்பு. 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியின் தடை கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.44 ஓம். அரைக் கிலோமீற்றர் தூரத்தில், மும்முனைக் கம்பிகளில் ஒவ்வொரு முனையிலும் 100 அம்பியர் எடுக்கப்பட்டால் 22 வோல்ற்று இழக்கப்படும். 230 வோல்ற்று 208ஆகக் குறையும். இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்றிலிருந்து 6 வீதத்துக்கு மேல் விலகக்கூடாது, அதாவது 216க்குக் கீழே போகக்கூடாது. ஆகவே முப்பது நாற்பது துண்டுகளாகக் காணியைப் பிரிக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், அந்தக் காணிக்குள்ளேயே மின்மாற்றிக்கு ஓர் இடம் காட்டப்பட்டிருக்கிறதா என்று திட்டமிடல் குழு கேட்க வேண்டும். காணி விற்பவருக்கு அது ஒரு சிறு மூலை. பின்னர் குடிவருபவர்களுக்கு அது குளிர்சாதனப் பெட்டி ஒழுங்காக இயங்குமா இல்லையா என்ற வேறுபாடு.

நிலமே முதல் முதலீடு

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியுமென்றால், இந்தப் பகுதியில் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். மின்கட்டமைப்புக்கான பணம் பின்னர் வரலாம். கடனாகவும் வரலாம், மானியமாகவும் வரலாம். நிலம் அப்படிப் பின்னர் வராது. அபிவிருத்தித் திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் நிலம் குறிக்கப்படுவதுபோல், உபமின்நிலையங்களுக்கும் மின்மார்க்கங்களுக்கும் நிலம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும். குறிக்கப்படாவிட்டால், தேவை எழும் நாளில் எஞ்சியிருப்பது காட்டுத் திணைக்களத்தின் நிலமோ, தாழ்ந்த சதுப்போ, ஒருவரின் வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய வளவோதான்.

திருகோணமலையில் இது மேலும் சிக்கலானது, ஏனெனில் நிலத்தின் மீது பல நிறுவனங்களுக்கு அதிகாரம் உண்டு. துறைமுக அதிகார சபை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம், வனப் பாதுகாப்புத் திணைக்களம், படைத்தரப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வரைபடம் வைத்திருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரே அடிப்படை வரைபடத்தின் மேல் அடுக்குகளாக வைத்துப் பார்த்தால்தான், உண்மையில் பயன்படுத்தக்கூடிய வழிகள் எவ்வளவு குறைவு என்பது கண்ணுக்குத் தெரியும். இந்த அடுக்கு வரைபடத்தைத் தயாரிப்பதே ஒருங்கிணைப்பின் முதல் வேலையாக இருக்க வேண்டும். முன்கணிப்புகள் அதற்குப் பிறகு வரலாம்.

உயரழுத்த மார்க்கங்களுக்கு ஒதுக்க வேண்டிய அகலம் சிறியதல்ல. 132 கே.வி. மார்க்கத்துக்குப் பொதுவாக 27 மீற்றர், 220 கே.வி. மார்க்கத்துக்கு 35 மீற்றர் அகலமான பாதை வேண்டும். இந்த அகலத்தை நகரத் திட்டத்தில் வெற்று நிலமாக விட்டுவிடாமல், வாகனத் தரிப்பிடம், தாழ்ந்த பயிர்களுக்கான தோட்டம், வடிகால் ஓரம் போன்ற பாதுகாப்பான பயன்பாடுகளை அதனோடு எழுதிவைத்தால், அத்துமீறிக் குடியேறுவதற்கான தூண்டுதல் குறையும். எந்தப் பயன்பாடு பாதுகாப்பானது என்பதைப் பொறியியலாளரே உறுதிப்படுத்த வேண்டும்.

வீதி அகலிப்பு இன்னொரு வாய்ப்பு. கம்பங்களை இன்றைய வீதியின் ஓரத்தில் நடாமல், திட்டத்தில் குறிக்கப்பட்ட எதிர்கால வீதி எல்லையில் நட்டால், பின்னர் அவற்றைப் பிடுங்கி நகர்த்தும் செலவு மிச்சமாகும். வீதி தோண்டப்படும்போதே, இன்று தேவையில்லாவிட்டாலும், இரண்டு மூன்று வெற்றுக் குழாய்களைப் புதைத்து, அவற்றின் இருப்பிடத்தைப் பதிவுசெய்து வைப்பது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை. புதிதாகப் போட்ட தார் வீதியை ஆறு மாதத்தில் வெட்டுவதைப் பார்த்து மனம் வருந்தாத திருகோணமலைக்காரர் இருக்க முடியாது. அந்த வருத்தத்துக்கு இந்த வெற்றுக் குழாய் ஒரு நேரடித் தீர்வு. பாலங்களுக்கும் இதே விதி பொருந்தும். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் போன்ற ஒரு கட்டுமானம் மீண்டும் எப்போதாவது திட்டமிடப்பட்டால், வடங்களுக்கான இடத்தை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே கேட்டுப் பெற வேண்டும்.

நகர மையத்தில் நிலத்தடி வடம் போடுவது பற்றிய விருப்பம் பலருக்கும் உண்டு. கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் வழியிலும் கடற்கரை வீதியிலும் அது அழகுக்கும் பாதுகாப்புக்கும் பொருத்தமானது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதன் செலவு மேல்நிலைக் கம்பியை விடப் பல மடங்கு. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதும் கடினம். கோட்டையை அண்டிய நிலத்தில் தோண்டத் தொல்பொருள் அனுமதி வேண்டும். ஆகவே தேர்ந்தெடுத்த சில வீதிகளுக்கு மட்டும் என்று திட்டத்தில் எழுதி, மற்ற இடங்களில் காப்பிட்ட முறுக்குக் கம்பியோடு நிறுத்திக்கொள்வது விவேகமானது. தரையில் வைக்கும் மின்மாற்றிகளுக்கு உறுதியான வேலி கட்டாயம். நம் நகரில் மான்கள் தெருவிலும் மைதானத்திலும் சுதந்திரமாக மேய்கின்றன என்பதை வெளியூர் வடிவமைப்பாளர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

யார் எப்போது செலவு செய்வது

42 கே.வி.ஏ.க்கு மேல் தேவைப்படும் வாடிக்கையாளர் மொத்த வழங்கல் பிரிவுக்குள் வருகிறார். தமக்கான மின்மாற்றிக்கும் மார்க்க நீட்சிக்கும் மதிப்பீட்டின்படி பணம் செலுத்துகிறார். இதில் முதலில் வருபவர் நீண்ட மார்க்கத்தின் செலவைச் சுமக்கவும், அவருக்குப் பின்னால் அதே மார்க்கத்தில் வருபவர் குறைந்த செலவில் இணையவும் நேர்கிறது. விளைவாக எல்லாரும் மற்றவர் முதலில் கட்டட்டும் என்று காத்திருப்பார்கள், அல்லது ஒவ்வொருவரும் தமக்கு மட்டும் போதுமான சிறிய ஏற்பாட்டைக் கேட்பார்கள். நகரத் திட்டம் ஒரு பகுதியைச் சுற்றுலா வலயமாகவோ கைத்தொழில் வலயமாகவோ அறிவிக்கும்போதே, அந்த வலயத்தின் பொது மார்க்கத்துக்கான செலவை விநியோக நிறுவனத்தின் முதலீட்டுத் திட்டத்தில் சேர்க்கும்படி கோருவதும், வரப்போகும் முதலீட்டாளர்களைக் கூட்டி ஒரே விண்ணப்பமாகத் தேவையை முன்வைக்கச் செய்வதும் இதைத் தீர்க்கும். கப்பல்துறை போன்ற கைத்தொழில் பகுதிகளுக்கு இந்தக் கூட்டு விண்ணப்ப முறை மிகப் பொருத்தமானது.

வளர்ச்சியைப் படிப்படியாகத் திறப்பதும் ஒரு கருவிதான். மின்வசதி ஏற்கெனவே உபரியாக இருக்கும் பகுதியை முதலில் திறந்து, மார்க்கம் நிரம்பிய பகுதியை அடுத்த கட்டத்துக்கு ஒத்திவைக்கத் திட்டமிடல் குழுவால் முடியும். அதற்கு ஒவ்வொரு மார்க்கத்திலும் எவ்வளவு இடமிருக்கிறது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும் ஓர் எளிய வரைபடம் போதும். துல்லியமான எண்களைப் பகிர விநியோக நிறுவனம் தயங்கினாலும் நிறங்களைப் பகிரப் பெரும்பாலும் தயங்காது.

பருவமும் சூரியனும்

மின்தேவையின் உச்சத்தைப் பற்றிப் பேசும்போது எந்த உச்சம் என்று கேளுங்கள். கட்டண முறையில் மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச நேரமாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் திருகோணமலையில் மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் வெப்பக் காலத்தில், சுற்றுலாப் பருவமும் சேர்ந்துகொள்வதால், கரையோரப் பட்டியின் உச்சம் கொழும்பின் உச்சத்தோடு பொருந்த வேண்டியதில்லை. பகலில் அலுவலகக் குளிரூட்டிகள், இரவில் விடுதி அறைகள், அதிகாலையில் ஐஸ் உற்பத்தி என்று ஒவ்வொரு வலயமும் தன் கடிகாரத்தில் இயங்குகிறது. வெவ்வேறு நேரத்தில் உச்சமடையும் பயன்பாடுகளை ஒரே மார்க்கத்தில் சேர்த்தால் ஒரே கம்பி இருவருக்கும் உதவும். நிலப்பயன்பாட்டைக் கலந்து வைப்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

கூரைச் சூரிய மின்சாரம் இந்தக் கணக்கை மாற்றுகிறது. 2016இல் தொடங்கிய, கூரைச் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் சூரிய பல சங்கிராமய என்ற அரச திட்டத்துக்குப் பிறகு நாடு முழுவதும் கூரைகளில் தகடுகள் பெருகின. ஒரு தெருவில் பல கூரைகள் உற்பத்தி செய்து, நண்பகலில் வீடுகளில் பயன்பாடு குறைந்திருந்தால், மின்சாரம் மின்மாற்றியை நோக்கித் திரும்பிப் பாய்ந்து மின்னழுத்தத்தை உயர்த்தும். தேவை குறைந்த நாட்களில் இது நாட்டளவில் சிக்கலாகிறது: 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது, அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி உரிமையாளர்களிடம் கோரப்பட்டது. ஆகவே பெரிய கூரைகளைக் கொண்ட சந்தை, களஞ்சியம், பாடசாலை ஆகியவற்றுக்கு அனுமதி வழங்கும்போது, அங்கு வரக்கூடிய சூரிய உற்பத்தியின் அளவையும் விநியோகப் பொறியியலாளருக்கு அறிவிக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். மின்கலச் சேமிப்பு அறைக்கு இடம் விட்டுக் கட்டுவதற்கு இன்று செலவு மிகக் குறைவு.

கடல், புயல், உப்பு

1964 டிசெம்பர்ப் புயலும் 2004 ஆழிப்பேரலையும் 2020 டிசெம்பரில் மாவட்டத்தின் வடகரையைக் கடந்த புரெவிப் புயலும் இந்த ஊரின் நினைவில் இருக்கின்றன. உபமின்நிலையத்துக்கு மலிவான நிலம் எப்போதும் தாழ்ந்த நிலமாகவே இருக்கும். அதை மறுக்கும் துணிவு திட்டமிடுபவருக்கு வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் வெள்ள, ஆழிப்பேரலை வரைபடங்களை மேலே சொன்ன அடுக்கு வரைபடத்தில் சேர்த்துவிட்டால் இந்த மறுப்புக்கு ஆதாரம் கிடைக்கும். பொது வைத்தியசாலைக்கும் நீர்வழங்கல் நிலையங்களுக்கும் இரண்டு வெவ்வேறு மார்க்கங்களிலிருந்து மின்சாரம் கிடைக்கும்படி திட்டத்தில் எழுதுங்கள். அந்த இரண்டும் ஒரே வீதியில் ஒரே கம்பங்களில் வந்தால் அது இரண்டாகாது. கடலோர உப்புக்காற்று இரும்பை அரிப்பதோடு, நீண்ட வறட்சிக்குப் பின் விழும் முதல் தூறலில், கம்பங்களில் கம்பியைத் தாங்கும் காவலிகளில் படிந்த உப்பு நனைந்து மின்சாரம் பாயவும் காரணமாகிறது. கடலிலிருந்து சில நூறு மீற்றர் தூரத்துக்குள் வரும் உபகரணங்களுக்கு வேறு தரநிர்ணயம் கேட்கப்பட வேண்டும்.

தொடர்ந்து நடத்துவதற்கான ஒழுங்கு

ஒருங்கிணைப்புக் கூட்டம் நடத்துவது எளிது. அதை ஆண்டுதோறும் நடத்துவதே கடினம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் பெரிய கூட்டத்தில் மின்சாரத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், அதுவும் பெரும்பாலும் தெருவிளக்குப் பற்றிய முறைப்பாடுகளுக்கே போய்விடும். ஆகவே அதன் கீழ் ஒரு சிறிய செயற்குழுவை அமைப்பது நல்லது: நகர அபிவிருத்தி அதிகார சபை, நகரத்தின் உள்ளூராட்சி சபை, திருகோணமலைப் பட்டினமும் சூழலும், குச்சவெளி, கிண்ணியா, தம்பலகாமம், மூதூர் ஆகியவற்றின் சபைகள், விநியோகப் பொறியியலாளர், வீதி அபிவிருத்தி அதிகார சபை, நீர்வழங்கல் சபை ஆகியோரிலிருந்து தலா ஒருவர். ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அடுத்தவர் தொடரும்படி, பெயரால் அல்லாமல் பதவியால் நியமனம் செய்யுங்கள்.

இந்தக் குழு மூன்றே மூன்று விடயங்களைக் கையில் வைத்திருந்தால் போதும். ஒன்று, அடுக்கு வரைபடம். மற்றொன்று, 42 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட அனைத்துத் திட்டங்களையும் அவை நிற்கும் படியோடு காட்டும் பட்டியல். கட்டட அனுமதி விண்ணப்பப் படிவத்தில் "எதிர்பார்க்கும் மின்தேவை" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் இந்தப் பட்டியல் தானாக நிரம்பும். மூன்றாவது, சென்ற ஆண்டு முன்கணித்ததற்கும் உண்மையில் நடந்ததற்கும் இடையிலான வேறுபாட்டைக் காட்டும் ஒரு பக்கக் குறிப்பு. இந்த மூன்றாவதைத்தான் பலரும் செய்யாமல் விடுகிறார்கள். ஆனால் எடைகளைத் திருத்துவதற்கும், அடுத்த முறை மின்சாரத் துறையினர் நகரத் திட்டமிடுபவரின் எண்களை நம்புவதற்கும் அதுவே அடிப்படை. வாக்குறுதி அளிக்கப்பட்ட பெருந்திட்டங்கள் வராமற்போன அனுபவம் இம்மாவட்டத்துக்கு நிறைய உண்டு. அவற்றை நம்பி வலையமைப்பைப் பெருக்கினால் அதன் செலவை எல்லா வாடிக்கையாளரும் கட்டணத்தில் சுமப்பார்கள் என்று பொறியியலாளர் அஞ்சுவது நியாயமே.

கூட்டத்தின் நாளையும் முன்கூட்டியே பொருத்துங்கள். உள்ளூராட்சி சபைகள் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை ஆண்டின் இறுதி மாதங்களில் தயாரிக்கின்றன. ஆகவே செப்டெம்பரில் குழு கூடினால், வெற்றுக் குழாய்களுக்கும் மின்மாற்றி இடங்களுக்கும் தேவையான தொகையை அந்தப் பாதீட்டிலேயே சேர்க்கலாம், வடகீழ்ப் பருவமழைக்கு முன்னால் தளங்களை நேரில் சென்று பார்க்கவும் முடியும். மாகாணத்தின் நடுத்தர மின்னழுத்தத் திட்டம் புதுப்பிக்கப்படும் ஆண்டாக இருந்தால், குழுவின் பட்டியலும் வரைபடமும் விநியோகத் திட்டமிடல் பிரிவுக்கு எழுத்து மூலம் அனுப்பப்பட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு ஒரு பிரதி சபையின் கோவையில் இடப்பட வேண்டும்.